ரௌட்டரின் அடியில் சந்தனம்

அக்கா தன் சொந்த வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள் என்பதைத் தைப்பூசம் கழிந்த சில வாரங்களில் கவனித்தேன். மலாக்காவில், பாயா ரும்புட்டில், தாமான் என்னும் வீட்டுக் குடியிருப்பில் வரிசை வீடு. இரண்டு பக்கமும் செங்கல் சுவர். ஒரு பக்கத்து வீடு பூட்டியே கிடந்தது. மறுபக்கத்தில் இருந்த மலாய்க் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சோறு போட்டுக்கொண்டே உப்பு போதுமா என்று கேட்பதைக்கூட அவள் பக்கத்தில் வந்து, உதட்டை அதிகம் அசைக்காமல் கேட்டாள்.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் புரண்டு படுப்பது கேட்கும். அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசினோம். தோட்டத்தை விட்டு வந்ததும் அந்தக் குரலையும் விட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தேன். அக்காவிடம் அது திரும்பி வந்திருந்தது.

அத்தான் அப்போது அந்த வீட்டில் இல்லை. முந்தைய தீபாவளிக்குப் பிறகு அக்கா அவரை வெளியே போகச் சொல்லிவிட்டாள். காரணத்தை விரித்து எழுதப் போவதில்லை. அவளுடைய இடது மணிக்கட்டை இப்போதும் முழுதாக மடக்க முடியாது என்பது போதும். பிள்ளைகள் இல்லை. அத்தான் செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்த்தார். வேலையிடத்துக்கு அருகிலேயே அறை எடுத்துக்கொண்டார். வீட்டுச் சாவியைக் கேட்டபோது உடனே கழற்றிக் கொடுத்தார். அவர் அவ்வளவு எளிதாகக் கொடுத்தது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

அதன்பின் அவர் வீட்டுக்குள் வந்தது ஒரே முறை, பொங்கலை ஒட்டி. இடி விழுந்து இணைய லைன் போய்விட்டது. கணக்கு அவர் பெயரில் இருந்ததால் அக்காவே அவரை அழைத்தாள். வந்தார். லைனைச் சரி செய்தார். சாமி மேடையில் கருகிப்போயிருந்த ஒரு பிளக்கையும் மாற்றினார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போனார்.

அக்கா தஞ்சோங் கிளிங்கில் ஒரு கடற்கரை விடுதியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். நான் குடியிருப்பதும் அங்கேதான், கரையோரச் சடக்கிலிருந்து உள்ளே தள்ளி. ஒரு நாள் மாலை வேலை முடிந்து வந்தவள் என் வீட்டுக்குள் உட்காரவில்லை. வெளியே போய்ப் பேசலாம் என்றாள். கடல் தடுப்புச் சுவரில் உட்கார்ந்த பிறகு, கைப்பேசியை என் மடியில் வைத்தாள். அத்தான் அனுப்பியிருந்தார்.

"திங்கக்கெழம கையெழுத்து போடப் போறியாமே. போடு, பாப்போம்."

விவாகரத்து மனு மலாக்கா டவுனில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் தயாராக இருந்தது. அக்கா கையெழுத்திட வேண்டும். பல மாதங்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை என்று நாள் குறித்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயே சொல்லலயே."

"வக்கீல்கிட்ட?"

"போன் போட்டு சொல்லலாம்னு இருந்தேன். இன்னும் சொல்லல." கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாமிகிட்டதான் சொன்னேன்."

அக்காவுக்கு வாய்விட்டு வேண்டும் பழக்கம் உண்டு. காலையில் விளக்கேற்றிவிட்டு மேடைக்கு முன்னால் நின்று, அன்றைக்கு என்ன செய்யப் போகிறாள், யாரைப் பார்க்கப் போகிறாள், எதற்குப் பயமாக இருக்கிறது என்பதையெல்லாம் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல வரிசையாகச் சொல்வாள். சிறுவயது முதல் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அத்தான் இதைக் கேலி செய்வார். சாமிக்குக் காது மந்தமா, ஒரு மைக் பாசாங் பண்ணி, மாட்டித் தரட்டுமா என்பார். எல்லாரும் சிரிப்போம்.

அந்தத் திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போடப் போகவில்லை.

தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அக்கா நம்பினாள். சாமியிடம் சொன்னது மனிதன் காதுக்குப் போவதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழமும் சிவப்புத் துணியும் வாங்கி வந்து வாசல் நிலையில் கட்டினாள். வீட்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். எலுமிச்சம்பழம் கட்டினால் நான் வரமாட்டேனா என்று அத்தானிடமிருந்து செய்தி வந்தது. அது எனக்குப் புரிந்தது. அந்த வரிசையில் ஒரு வீட்டில் திருட்டுப் போனபோது அத்தான் இரண்டு கேமரா பொருத்தியிருந்தார். ஒன்று வாசலில், ஒன்று ஹாலில். வாசல் கேமராவில் எலுமிச்சம்பழம் தெரியும். ஹால் கேமராவை, அவர் வீட்டை விட்டுப் போன அந்த வாரமே அக்கா கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டாள்.

அடுத்து வந்த செய்தி எனக்கும் புரியவில்லை.

"வெளக்கு ஒரு பக்கமா எரியுது. திரிய மாத்து."

நான் போய்ப் பார்த்தேன். விளக்கு ஒரு பக்கமாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. வாசல் கேமரா நின்ற இடத்திலிருந்து சாமி மேடை தெரியாது.

வைஃபையை அணைத்துவிடு என்றேன். அணைத்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அத்தானின் காடி வாசலில் நின்றது. லைன் ரோசாக்கா, கெட்டுப்போச்சா, நான் பார்க்கிறேன் என்று கிரில் கதவுக்கு வெளியே சிரித்துக்கொண்டு நின்றார். கையில் கருவிப் பை. அக்கா அவசரமாக உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு, வந்துவிட்டது என்றாள். அவர் கைப்பேசியைப் பார்த்தார். ஆமாம், வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அணைத்தால் அவர் வருவார். அணைக்காவிட்டால் அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

வழக்கறிஞர் அக்கா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சந்தேகம் போதாது, கையில் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்றார். வீட்டு வைஃபையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் ரௌட்டரில் இருக்கும், அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எதையும் உடைக்கவோ வீசவோ வேண்டாம் என்றும் சொன்னார். காருக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள்: "அது என்னன்னு தெரிஞ்சா கையெழுத்து போட்டுடுவேன். தெரியாம போட மாட்டேன். போட்டுட்டு அந்த வீட்ல எப்படிப் படுக்கிறது?"

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டிக்குள் நுழையும் வேலை தொடங்கியது.

"வைஃபை பெட்டிக்கு ரெண்டு பாஸ்வர்டா?" என்று காரிலேயே அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். கைப்பேசியைச் சேர்ப்பதற்கு ஒன்று. அது அவளுக்குத் தெரியும். பெட்டியின் உள் அமைப்பைத் திறப்பதற்கு வேறொன்று. முதலாவது வீட்டு வாசல் சாவி என்றால் இரண்டாவது இரும்பு அலமாரியின் சாவி. லைன் போட வந்த ஆள் அந்த இரண்டாவது சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பதாகச் சொன்னது அவளுக்கு மங்கலாக நினைவிருந்தது. அத்தான் அதன்பின், உனக்கெதற்கு இதெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது தெளிவாக நினைவிருந்தது.

முதலில் நான் ஒரு தவறு செய்தேன். என் வீட்டில் வைத்து இணைய நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதையாகப் பேசினார். கணக்கு எண், வீட்டு முகவரி எல்லாம் கேட்டார். பிறகு, பதிவு செய்த கைப்பேசிக்கு ஓர் உறுதி எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள் என்றார். அக்காவின் கைப்பேசியைப் பார்த்தோம். எதுவும் வரவில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இணைப்பைத் துண்டித்தேன்.

சற்று நேரத்தில் அக்காவின் கைப்பேசி அடித்தது. அவள் அதை மேசையில் வைத்து நான் கேட்கும்படி பேசினாள். அத்தான் கோபப்படவில்லை.

"யாரு லைன் கம்பெனிக்குப் போன் போட்டது?"

"நான்தான். பில்லு பத்திக் கேட்டேன்."

"பில்லு எனக்குத்தானே வருது. உனக்கு எதுக்கு அந்த வேல?" பின்னால் தொழிற்சாலையின் இரைச்சல் கேட்டது. "வேற ஏதாச்சும் வேணும்னா என்கிட்ட கேளு."

பெட்டியின் பின்னால் குண்டூசித் துளை ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி புதிதுபோல் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் லைனின் பயனர் விவரமும் அழிந்துவிடும். அதை மறுபடி பெறக் கணக்குக்காரர் வேண்டும். லைன் போகும், அவர் கருவிப் பையோடு வருவார். என்ன சேர்ந்திருந்தது என்ற விவரமும் அதோடு போய்விடும். மீதி இருந்தது அடியில் ஒட்டிய அந்தத் தாள் மட்டும்.

தாளைப் படிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் அக்காவேதான்.

ரௌட்டர் இருந்தது சாமி மேடையின் கீழ்ப் பலகையில், எண்ணெய் போத்தலுக்கும் கற்பூர டப்பாவுக்கும் பக்கத்தில். தொலைபேசிக் கம்பி சுவரில் அந்த இடத்தில் வந்ததால் அங்கேயே வைத்துவிட்டார்கள். அத்தான் மின்சார வேலைக்காரர். ஆயுத பூசைக்கு வீட்டில் ஒரு கருவியும் விட்டுப்போகக் கூடாது என்பார். ஸ்க்ரூ டிரைவர் முதல் காடி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. சோறு வேக வைக்கும் குக்கருக்குப் பொட்டு. ரௌட்டர் வந்த ஆண்டு அதற்கும். அதன் மேற்புறம் முழுக்கக் காற்றுத் துளைகள். சந்தனம் உள்ளே போய்விடும் என்று அக்கா அதைத் திருப்பி, அடியில் வாகாக இருந்த வெள்ளைத் தாளில் வைத்தாள். அதன்பின் ஆண்டுதோறும் அதே இடத்தில். சாமி கும்பிடும் சாக்கில் குனிந்து ஒருமுறை பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். காய்ந்த சந்தனம் ஒரு பெரிய நாணயம் அளவுக்குக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்க் கறை. உடனே பழையபடி வைத்துவிட்டேன்.

எது எங்கிருந்து பார்க்கிறது என்று தெரியாத வீட்டில் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. நிறுவனத்துக்குப் போன் போட்டதையே அவர் உடனே அழைத்துக் கேட்டுவிட்டார். ஆயுத பூசை வரட்டும் என்று கடற்கரையில் வைத்துச் சொன்னாள் அக்கா. அன்றைக்கு மேடையிலிருந்து எல்லாவற்றையும் இறக்கித் துடைப்பது வழக்கம். அன்றைக்கு ரௌட்டரைத் திருப்பினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இன்னும் சில வாரங்கள் இருந்தன. என் வீட்டில் வந்து இருக்கச் சொன்னேன். அவள் மறுத்தாள். வீட்டைப் பூட்டினால் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்றாள். அந்த வாரங்களில் அவள் உடை மாற்றுவதைக் குளியலறைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றபடி காலையில் விளக்கேற்றுவதையோ சாமியிடம் பேசுவதையோ நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் தெரிந்துவிடும் என்றாள். மேடைக்கு முன்னால் நின்று மழை வரவேண்டும், எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்று பொதுவாக எதையாவது சொன்னாள்.

பூசை அன்று காலையில் போனேன். அத்தான் அந்நேரம் வேலையில் இருப்பார். அவர் தொழிற்சாலையிலும் மின்பலகை அறையில் தமிழ்த் தொழிலாளர்கள் பூசை போடுவார்கள். அவர்தான் முன்னால் நிற்பார். ஆனால் கைப்பேசி சட்டைப் பையில் இருக்கும்.

வேலை சம்பந்தமாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம். சும்மாவும் இருக்கக் கூடாது. அக்கா தொடங்கினாள்.

"தட்டைத் தொடைடின்னா படத்தத் தொடைக்கிறா. பேப்பர்ல பிழை திருத்துனவளுக்கு ஒரு தட்டைத் தொடைக்கத் தெரியல."

"சம்பளம் குடு. ஒழுங்காத் தொடைக்கிறேன்."

"சம்பளமா? சுண்டல் இருக்குலா. ரெண்டு கை சேத்துப் போடறேன்."

"நீ செய்யற சுண்டலுக்கு நான் சம்பளம் கேக்கணும்."

"ஆமாம், இவ செஞ்சு நாங்க சாப்பிட்டுட்டோம்."

குரலை உயர்த்திப் பேசினாள். நடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பல மாதங்களாகக் கேட்காத அவளுடைய பழைய குரல் அதுதான்.

படங்கள், விளக்கு, மணி, எண்ணெய் போத்தல் என்று ஒவ்வொன்றாக இறக்கினோம். ரௌட்டரைக் கம்பியோடு அப்படியே கவிழ்த்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பன்னீரில் நனைத்த பஞ்சைச் சந்தனத்தின் மேல் வைத்துக் கொஞ்சம் ஊறவிட்டேன். தேய்க்கவில்லை. விளிம்பு இளகியதும் நகத்தால் நெம்பினேன். ஒரு சில்லாகப் பெயர்ந்து வந்தது. ஆண்டுதோறும் ஈரத் துணியால் துடைத்ததில் தாளின் மற்ற எழுத்துகள் வெளிறிப்போயிருந்தன. சந்தனத்துக்கு அடியில் இருந்தவை மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தன. மேடையைப் படம் எடுப்பதுபோல ஒரு படம் எடுத்தேன். தாளையும் எடுத்தேன்.

குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பின்பக்கக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கினேன். கடவுச்சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் சந்தனத்துக்கு வெளியே இருந்தன, மங்கலாக. ஒன்று ஆங்கில B அல்லது எட்டு. அடுத்தது O அல்லது எங்கள் ஊர்ப் பேச்சில் கோசோங், அதாவது சுழியம். மற்றவை தெளிவு. ரௌட்டரின் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து எட்டும் சுழியமும் போட்டேன். தவறு. எட்டும் O-வும். தவறு. B-யும் சுழியமும் போட்டதும் பக்கம் பூட்டிக்கொண்டது. சற்றுநேரம் கழித்து முயலவும் என்று வந்தது.

கதவைத் தட்டும் சத்தம். "குளிக்கிறியா, தூங்கிட்டியா?" என்று அக்கா கத்தினாள். அது நடிப்பு இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

காத்திருந்த நேரத்தில் படத்தை மறுபடி பார்த்தேன். அதே தாளில், சந்தனம் மூடியிருந்த பகுதியில், வரிசை எண் ஒன்று இருந்தது. அதில் சுழியம் ஒல்லியாக, முட்டை வடிவில் இருந்தது. கடவுச்சொல்லின் இரண்டாம் எழுத்து, மங்கல்தான் என்றாலும், வட்டம். பூட்டு விலகியதும் B, பிறகு O போட்டேன். பக்கம் திறந்தது.

அத்தான் அந்தச் சொல்லை மாற்றவே இல்லை. மாற்ற வேண்டிய அவசியம் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

வைஃபையில் சேர்ந்திருந்தவை ஐந்து. அக்காவின் கைப்பேசி, என் கைப்பேசி, தொலைக்காட்சி, வாசல் கேமரா. ஐந்தாவதற்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. திரையைப் படம் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கைப்பேசியை அக்காவிடம் காட்டினேன். ஐந்தாவது வரியின் கீழ் விரலை வைத்தேன். அவள் பார்த்தாள். சுண்டலுக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஹாலுக்குப் போனாள். தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கித் துடைத்தாள். என் திரையில் தொலைக்காட்சி மறைந்தது. மாட்டினாள். காற்றாடியின் பிளக். ஒன்றும் ஆகவில்லை. குளிர்ப்பெட்டி. ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாமி மேடைக்குப் போனாள். படங்களுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கான பிளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். பல்புகள் அணைந்தன. ஐந்தாவது வரி மறைந்தது.

திரும்பவும் மாட்டச் சொல்லிக் கையசைத்தேன். மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரி வந்துவிட்டது.

பொங்கலின்போது அத்தான் மாற்றிக் கொடுத்த பிளக் அது. வெள்ளை நிறம். அகலமாக, சார்ஜர் சொருக இரண்டு வாய்களோடு இருந்தது. அவற்றுக்கு நடுவே கடுகைவிடச் சிறிய ஒரு கறுப்புத் துளை. அது விளக்குக்குச் சற்றுமேலே, கைகூப்பி நிற்பவரின் முகத்துக்கு நேராக இருந்தது.

அக்கா அதற்கு முன்னால் நின்றாள். பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் தாளிப்பு வாசனை மட்டும். யாராவது எதையாவது பேச வேண்டியிருந்தது.

"சுண்டலுக்குத் தேங்கா போட்டியா?" என்றேன்.

"போடல," என்றாள். அந்தத் தாழ்ந்த குரல்.

பின் சந்துக்குப் போய் வழக்கறிஞரை அழைத்தேன். படங்களை அனுப்பினேன். அவர் இது முக்கியம் என்றார், ஆனால் அந்த பிளக் யாருக்குச் சொந்தம், யார் பார்க்கிறார் என்பதற்கு இதில் ஆதாரம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அத்தான் கடையில் வாங்கிய பிளக் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கழற்ற வேண்டாம், மறுநாள் காலையில் ஆள் அனுப்புகிறேன், இருந்த இடத்தில் வைத்தே பதிவு செய்யட்டும் என்றார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நாள் அதன் முன்னால் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

"மொதல்ல பூச முடியட்டும்," என்றாள்.

உள்ளே போனோம். கருவிகளையெல்லாம் மேடைக்கு முன்னால் பரப்பினாள். அத்தான் விட்டுப்போன சுத்தியல், இடுக்கி, என் கைப்பேசி, அவள் வேலைக்கு எடுத்துப்போகும் இஸ்திரிக் கையுறை. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். குக்கருக்கு வைத்தாள். தொலைக்காட்சிக்கு வைத்தாள். ரௌட்டரைத் திருப்பி, பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கிண்ணத்திலிருந்து மோதிர விரலால் நிறைய எடுத்து, சுவரில் இருந்த வெள்ளை பிளக்கின் நடுவில், அந்தத் துளையின் மேல், அழுத்தி வைத்தாள். குங்குமமும் வைத்தாள்.

கற்பூரம் காட்டிவிட்டு வாய்விட்டுச் சொன்னாள்.

"எல்லாக் கருவிக்கும் பொட்டு வெச்சாச்சு சாமி. ஒன்னும் விடல."

இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். சுண்டலில் உப்பு இல்லை. பாதிச் சாப்பாட்டில் அவள் கைப்பேசி ஒளிர்ந்தது.

"பிளக்ல ஈரம் படக்கூடாதுன்னு தெரியாதா? சந்தனத்தத் தொடச்சுடு. ஷாட் ஆயிடும்."

அவள் இடது கையால் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. வழக்கறிஞர் கேட்ட ஆதாரம் அத்தானின் கையாலேயே வந்துவிட்டது. அந்தச் செய்தியை அப்போதே அனுப்பினேன். உடனே பதில் வந்தது: இதுபோதும், இனி ரௌட்டரை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பிளக்கைத் தொடாதீர்கள்.

கையைக் கழுவிவிட்டு வந்தோம். வைஃபையின் சொல், பெட்டியின் சொல் இரண்டையும் மாற்றும் இடத்தை அவளுக்குக் காட்டிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினாள். ஐந்து வரிகளும் மறைந்தன. பிறகு எங்கள் கைப்பேசிகளையும் தொலைக்காட்சியையும் வாசல் கேமராவையும் மட்டும் சேர்த்தோம். கேமராவைப் புதிதாக அமைத்து அவள் பெயரில் பதிந்ததும், அதன் படம் முதன்முறையாக அக்காவின் கைப்பேசியில் தெரிந்தது. வெயிலில் காய்ந்த வாசல், எலுமிச்சம்பழம், கேட்.

அந்தப் படத்தில்தான் அத்தானின் காடி வந்து நிற்பதைப் பார்த்தோம்.

அவர் நெற்றியில் தொழிற்சாலைப் பூசையின் விபூதி இருந்தது. வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கிரில் கதவின் முன்னால் நின்றார். அக்கா கதவைத் திறந்தாள். கிரில்லைத் திறக்கவில்லை.

"லைன் போச்சா?"

"இல்லயே. நல்லா ஓடுது."

"எனக்குக் காட்டலயே." பிறகு சேர்த்துக்கொண்டார். "வாசல் கேமரா."

"வாசல்லதான நிக்கிறீங்க. இன்னும் என்ன காட்டணும்?"

அவர் அவளுடைய தோளுக்கு மேலே, ஹாலின் கோடியில் இருந்த மேடையைப் பார்த்தார். சிவப்பு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"கிரில்லத் தொற. அந்த பிளக்கக் கழட்டிட்டுப் போயிடறேன். ஷாட்டாகி வீடு எரிஞ்சா என்ன பண்ணுவ?"

"எரியட்டும்."

பூட்டைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பலமாக இல்லை. மின்கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று சோதிப்பவரைப்போல. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேப்பர்ல போட்டுடாதம்மா," என்றார். திரும்பிப் போனார்.

காடி கிளம்பும் சத்தம் கேட்டது. ஆனால் அது தாமானை விட்டுப் போகவில்லை. வாசல் கேமராவின் ஓரத்தில், முனைவீட்டு மதிலுக்குப் பக்கத்தில், அதன் முன் சக்கரம் மட்டும் தெரிந்தது. மாலை வெயில் இறங்கும்வரை அந்தச் சக்கரத்தை நாங்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று நான் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் வழக்கறிஞர் அனுப்பிய ஆள் வந்து, சந்தனப் பொட்டோடு அந்த பிளக்கைப் படம் பிடித்து, உறையில் போட்டு எடுத்துப் போனார். அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் உடன் இருந்தேன். பேனாவை வைத்துவிட்டு, வேறு எங்காவது போட வேண்டுமா என்று கேட்டாள். அத்தானை வீட்டுக்கு வரவிடாமல் தடுப்பதற்கான தாளிலும் போட்டாள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அந்தச் சக்கரம் அதன்பின்னும் இரண்டொரு முறை படத்தின் ஓரத்தில் தெரிந்தது. ஒவ்வொன்றையும் அவள் சேமித்து வைத்திருக்கிறாள்.

சாமி மேடையில் இப்போது சிவப்பு பல்புகள் இல்லை. எண்ணெய் விளக்கு மட்டும். சுவரில் பிளக் இருந்த இடத்தை ஒட்டுத்தாளால் மூடிவிட்டாள். போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். விளக்கேற்றிவிட்டு முன்னால் நின்றாள். முதலில் சுவரைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். நெடுநேரம் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

முடித்துவிட்டு வந்தவளிடம், வாய்விட்டுச் சொல்வதை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். இப்போது இந்த வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லையே என்றேன்.

அவள் என் பக்கத்தில் வந்து, உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள்.

"சாமிக்குக் கேக்கும்லா."